பத்து வருஷத்து ஓட்டாஞ்சில்லு

கிரேக்க நாட்டு ஏதென்ஸுக்கு மகளோடு இருக்க வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் கட்டடத்து மாடிப்படியில் ஒரு நாள் பெரிய சத்தம். கட்டடத்துக்கே பொதுவான ஹீட்டரை எந்தத் தேதியிலிருந்து போடுவது என்று குடியிருப்பவர்கள் கூடிப் பேசுகிறார்களாம். பேச்சா அது? விரலை நீட்டுகிறார்கள், நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். கீழ்வீட்டு யோர்கோஸ், என் வயசுக்காரர், கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். அடிதடியாகிவிடும் என்று நான் இடையில் புகுந்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். எல்லோரும் திகைத்து, பிறகு சிரித்தார்கள்.

"அய்யா, விடுங்க. இங்கன பேசுறதே இப்படித்தான்" என்றாள் மகள் செல்வி. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து வராது.

கத்தி முடித்துக் கை தூக்கினார்கள். எண்ணினார்கள். தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே மேசையில் காப்பி குடித்தார்கள். அதுதான் எனக்கு அதிசயம். ராமேஸ்வரம் பக்கம் எங்கள் மீன்பிடி ஊரில் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்கு முன்னால் மணலில் கூட்டம் போடுவோம். ஊர்க் கமிட்டித் தலைவர் பேசுவார், மற்றவர்கள் மணலைக் கிளறிக்கொண்டிருப்போம். யாரும் கத்த மாட்டோம். கை மட்டும் தூக்குவோம்.

என்னைப் பிடித்துப்போனதால் யோர்கோஸ் ஒரு நாள் எங்களைப் பழைய சந்தைத் திடலுக்கு அழைத்துப்போனார். அவர் சொன்னதைச் செல்வி தமிழில் சொன்னாள். ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு ஊரும் தனி நாடு. ஏதென்ஸில் ராஜா கிடையாது. செருப்புத் தைக்கிறவனும் குன்றின்மேல் ஏறி நின்று, சண்டைக்குப் போகலாமா வேண்டாமா என்று பேசலாம். பதவிக்கு ஆள் எடுப்பதுகூடப் பெரும்பாலும் குலுக்கலில்தான். கல்லில் வரிசையாகக் கீறியிருந்த பிளவுகளைக் காட்டினார். பெயர் எழுதிய தகடுகளை அதில் செருகி, கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டு உருட்டி, வெள்ளை விழுந்த வரிசையை எடுப்பார்களாம். கரையில் நின்று இழுக்கிற கரைவலையை யார் முதலில் விடுவது என்று நாங்களும் சீட்டுக் குலுக்கித்தான் பார்ப்போம். கடலில் தெரிந்த நியாயம் ஊருக்குள் வரும்போது எங்கே போனது?

"ஆனா பொம்பளைக்கும் அடிமைக்கும் வாய் கிடையாதாம்" என்றாள் செல்வி.

"நம்ம கமிட்டியில எத்தனை பொம்பள இருந்தா?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

பிறகு அங்கிருந்த மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஓட்டாஞ்சில்லுகள். எல்லாவற்றிலும் பெயர் கீறியிருந்தது. ஒருவன் ஊருக்கு ஆகாதவன் என்று நினைத்தால் அவன் பெயரைக் கீறிப் போட வேண்டும். நிறையச் சில்லு விழுந்தவன் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

"எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டேன்.

"பத்து வருஷம். வீடு, நெலம் எதையும் தொட மாட்டாங்களாம். பத்து வருஷம் முடிஞ்சா வந்து பழையபடி இருக்கலாமாம்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் தம்பி சவரிமுத்துவை எங்கள் ஊர் விலக்கிவைத்துப் பன்னிரண்டு வருஷம். ரெண்டு படகு சேர்ந்து கடலடியை அரிக்கிற, சர்க்கார் தடை செய்த ரெட்டைமடி வலையைச் சிலர் போட, அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவன் படகுக்கு ஐஸ் கிடையாது, அவன் மீனை யாரும் ஏலம் கேட்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது. சம்மதமா என்றார் தலைவர். என் படகும் கரையில்தானே நிற்கிறது என்று பயந்து நானும் கை தூக்கினேன். அவன் எதிரில்தான் நின்றான். அந்த மாசமே பெண்டாட்டியோடு வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். எங்களுக்கு விலக்கத் தெரிந்தது. திரும்பக் கூப்பிட ஒரு நாள் குறிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வியை அவன் நம்பருக்குப் போடச் சொன்னேன்.

"சவரி, நான் அண்ணன் பேசுறேன்டா."

உப்புப் பாத்தி வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "யாரு, பரதேசம் போன பெரிய மனுசனா? ஊரு பேசச் சொல்லிருச்சாக்கும்?"

"ஊரு சொல்லல. நானாத்தான் பேசுறேன்."

"அன்னைக்குக் கையத் தூக்குன. இன்னும் எறக்கலையே அண்ணே நீ."

ஓட்டாஞ்சில்லுக் கதையைச் சொன்னேன். "திருவிழாவுக்கு வாரேன். கூட்டத்துல எந்திரிச்சு, இவனுக்குக் கெடு முடிஞ்சிருச்சுன்னு கத்துவேன். யோர்கோஸ் மாதிரிக் கத்துவேன்."

"ஒனக்குத்தான் கூட்டத்துல குரலே வராதே" என்றான். மறுபடி பாத்தியில் ரெண்டு வெட்டு விழுந்தது. அப்புறம், "அங்கன இப்ப மணி என்ன?" என்று கேட்டான்.

சொன்னேன்.

போன வாரம் மறுபடி மாடிப்படிக் கூட்டம். செல்வி வேலைக்குப் போனதால் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் சார்பில் நான்தான் போனேன். ஹீட்டரை இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிப் போடச் சம்மதமா என்றதும் கையைத் தூக்கினேன். எண்ணி முடித்து எல்லோரும் இறக்கிவிட்டார்கள், என் கை மட்டும் அப்படியே நின்றது. யோர்கோஸ் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினார். ஏதென்ஸில் தூக்கிய கை இறங்கிவிட்டது. இன்னொன்று கோயில் மணலில் இன்னும் நிற்கிறது. திருவிழாவுக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன்.