இருபத்துநான்கு பவுண்டு காற்று

என் மாமனாருக்கு லாரி டயரைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. கார் டயரைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. இதில் இரண்டாவதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. வாசலில் எந்நேரமும் லாரி ஒன்று நிற்கும், அல்லது லாரி டயர் ஒன்று சாய்த்து வைத்திருக்கும். நான் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாறி, போக வர நாலு மணி நேரம் போய்விடும். இரண்டு வயது மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பத்து நிமிடமாவது அவளோடு விளையாடிவிட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் பஸ் ஆகாது. என்னை வேலையில் வைத்திருந்தது ஒரு சிவப்புக் கார்தான்.

அந்தக் கார் வந்த கதை வேடிக்கையானது. ஏற்காட்டில் எஸ்டேட்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார். அவருடைய லாரியை விலை பேசப் போயிருந்தார் என் கணவர். ஷெட்டில் கிடக்கும் சின்ன வண்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் லாரி என்று எஸ்டேட்காரர் ஒரே பிடியாக நின்றிருக்கிறார். சீமையில் செய்த வண்டி. இரண்டே சீட்டு, மடக்கி வைக்கிற துணிக் கூரை, தரையை உரசுகிற உயரம். ஊரில் அதற்கு ரேஸ் வண்டி என்று பெயர். "இதுல ஒரு மூட்டை கடலக்கா ஏத்த முடியுமா?" என்று கேட்டதோடு மாமனார் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. களத்து மேட்டில் ஓட்டிப் பழகி, உரிமம் வாங்கி, ஒரு திங்கட்கிழமை கல்லூரிக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

பழைய டயர்கள் மொட்டையானபோது மாமனார்தான் ஏற்பாடு செய்தார். லாரி டயருக்குச் செய்வதையே இதற்கும் செய்தார். தேய்ந்த டயர் மேல் கனமான புது ரப்பர் ஒட்டி, தரையைப் பிடிக்கிற பட்டன்களை ஆழமாக வெட்டி, கல்லு மாதிரி காற்று அடித்துக் கொடுத்தார். "ரெண்டு வருசத்துக்கு எட்டிப் பாக்க வேண்டாங் கண்ணு" என்றார். அந்தப் பங்குனியில், தார் உருகி வாசனை வருகிற ஒரு மத்தியானம், மல்லூரைத் தாண்டி வரும்போது பின்டயர் வெடித்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, புளிய மரத்துக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. 

அன்று சாயங்காலம் மாமனார் தீர்ப்புச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இன்னொருக்கா இந்த வண்டி ரோட்டோரம் நின்னுதுன்னா வித்துப்போடலாம். பஸ்ஸுல போய்ப் பாரு. முடியலீன்னா காலேஜ நிறுத்திக்கோ சாமி. நமக்கென்ன கொறச்சல்?" கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  "சரிங்க மாமா. ஆனா இந்தத் தடவ டயர நான் வாங்கறேனுங்க" என்றேன். அந்த வீட்டில் டயரை ஒரு மருமகள் வாங்குவது என்பது, மாமனார் குழம்புக்கு உப்புப் போடுவது மாதிரி. ஆனாலும் அவர் தலையை ஆட்டிவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும் வழியில் இருந்த டயர் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். கடைக்காரர் பொறுமைசாலி. நைலான் டயர் ஒன்றையும் ரேடியல் டயர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "இந்த நைலான் நாள்பட ஓடுமுங்க. அந்த ரேடியல் மெத்துன்னு இருக்கற ரப்பருங்க, சீக்கிரம் தேயும், ஆனா சுடுற ரோட்டுலயும் ரோட்ட விடாது. உங்க வண்டிக்கு அதுதான். மெட்ராசுல இருந்து வரோணும், ரெண்டு வாரம் ஆகுமுங்க" என்றார். தேய்ந்தால் தேயட்டும் என்று நாலுக்கும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தேன். மகள் தூங்கும்போது கிளம்பி, தூங்கும்போது திரும்பினேன். பிடிவாதம் குறையவில்லை, இன்னும் இறுகியது.

டயர் வந்தது. இருபத்துநான்கு பவுண்டு காற்று, ஒரு பவுண்டு கூடக்கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். நானும் காற்றை அளக்கப் பித்தளையில் ஒரு கேஜ் வாங்கிக் கைப்பையில் சாக்பீசோடு போட்டுக்கொண்டேன். வண்டியை வாசலில் நிறுத்தியதும் ஆரம்பித்தது. ரேடியல் டயர் தரையோடு சேருமிடத்தில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். அதன் வாகு அது. லாரிக்காரர்கள் கண்ணுக்கு அது காற்றில்லாத டயர். எங்கள் லாரி டிரைவர் ஸ்பானரால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பஞ்சர் கடைக்காரர் ரோட்டிலிருந்தே, "டீச்சரம்மா, நாலும் படுத்திருக்குதுங்க" என்று கத்தினார்.  மாமனார் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டே நாளில் வண்டி மாறிவிட்டது. பிரேக் போட்டால் வழுக்கியது. திருப்பத்தில் பின்பக்கம் தனியாக ஆடியது. கேஜ் வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டு. இருபத்துநான்குக்கு இறக்கினால், மறுநாளும் முப்பத்தெட்டு. வெயிலில் டயருக்குள் காற்று சூடாகிறது, அழுத்தம் ஏறுகிறது என்று முடிவுகட்டினேன். அதோடு விட்டேனா? அதையே உதாரணமாக வைத்து வகுப்பில் கணக்கும் போட்டுக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "காலையில ஆறிப்போனா மறுபடி குறையணுமே மிஸ்?" என்று கேட்டாள். சாக்பீசை வைத்துவிட்டு நின்றேன். நான் கேஜ் வைத்துப் பார்த்ததே காலையில், வண்டி எடுக்கும் முன்னால்தான்.

அப்படியானால் யாரோ அடிக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் நான் இறக்க, ஒவ்வொரு நாளும் யாரோ ஏற்றுகிறார்கள். டயர் வெடிக்க வேண்டும், வண்டியை விற்க வேண்டும், நான் வீட்டில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். வீடு வந்து சேரும்வரை வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வாசலுக்கு வந்தேன். மாமனார்தான். கைப்பம்பின் மேல் குனிந்து, மூச்சு வாங்க, முன்டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. அறுபத்தைந்து வயது. ஒரு டயரை அத்தனை பவுண்டுக்கு ஏற்ற எத்தனை அடி அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தினமும் நாலு டயர்.

"ஏனுங்க மாமா இப்பிடிப் பண்றீங்க?" என்றேன். குரல் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

அவர் நிமிர்ந்தார். மாட்டிக்கொண்ட முகம் இல்லை, தூக்கமில்லாத முகம். "காத்தில்லாத டயருல போறியே கண்ணு. சொன்னாக் கேக்க மாட்டே. அந்தப் புளிய மரத்த நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒரு மொழம். படுத்தாக் கண்ண மூட முடியறதில்ல."

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்ததை நினைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்காக டயரை விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு வரவில்லை. "மத்தியானம் ரோடு காயட்டுமுங்க. எங்கூட வண்டியில வாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மாமனார் எதிரில் மருமகள் உட்காருவதே இல்லை. இதுவோ இரண்டே சீட்டு, தோளோடு தோள். அவர் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். கடைசியில் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்தார். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஊருக்கு வெளியே ஆளில்லாத கிளைச் சாலையில் சாக்பீசால் ஒரு கோடு போட்டேன். அவர் அடித்த முப்பத்தெட்டோடு வேகமாக வந்து, கோட்டில் பிரேக்கை மிதித்தேன். வண்டி கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போய்க் கோணலாக நின்றது. கோட்டிலிருந்து அடி வைத்து எண்ணிப் பார்க்கச் சொன்னேன். இருபத்தொன்று. பிறகு அவர் கண்ணெதிரே நாலு டயரிலும் இருபத்துநான்குக்கு இறக்கி, அதே வேகம், அதே கோடு. நேராக நின்றது. எண்ணினார். பதினாறு.

நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். "மறுக்கா ஓட்டு" என்றார். ஓட்டினேன். பதினாறு. ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து, பிதுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.  கட்டைவிரலாலேயே காற்றுப் பார்த்துப் பழகியவர், திரும்பி வந்ததும் கேஜ் எப்படிப் பார்ப்பது என்று வீட்டு வாசலில் கேட்டார். காட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, மகளுக்கு ஊட்டிவிட்டுக் கை கழுவும்போது வாசலில் பஞ்சர் கடைக்காரர் குரல் கேட்டது. "ஐயா, டீச்சரம்மா வண்டி படுத்திருக்குதுங்க. காத்து அடிச்சு உடட்டுங்களா?"

"தொட்டயின்னா கைய ஒடிச்சுப்போடுவேன்" என்றார் மாமனார். "அது அப்பிடித்தான் நிக்கோணும்."

கைப்பையில் கேஜைத் தேடினேன். காணோம். வெளியே வந்தால், அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தது. எடுத்துத் தரவில்லை. "நாலும் பாத்துட்டேன். இருபத்துநாலு. நீ கெளம்பு, நேரமாச்சு" என்றார்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக டயரைப் பார்க்காமலே வண்டியை எடுத்தேன்.