பந்தலின் நிழல் விழும் பக்கம்

அந்த ஆண்டு ஓகஸ்ட் நடுப்பகுதியில் என் தக்காளிச் செடிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. வடக்கு ஓரத்து வரிசையில் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்துகொண்டிருந்தன. தெற்கு ஓரத்து வரிசையில் அதே வகைக் கன்றுகளை அதே நாளில் நட்டிருந்தேன். அங்கே காய்கள் பச்சைக் கற்களைப் போலத் தொங்கின. இது கனடா, வெயில் தெற்கிலிருந்து வருகிற நாடு. தெற்கு வரிசைதான் முந்தியிருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத் துண்டுகள் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே நீண்டு கிடக்கும் புல்வெளியில் இருக்கின்றன. எல்லோரும் அவற்றை பிளொட் என்றுதான் சொல்வார்கள். ஒரு பிளொட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் ஆள் வாளியோடு நடக்கக்கூடிய பாதை. நான் வேலை முடிந்து மாலையில் போவேன். முதலில் காய் பறிப்பேன், பிறகு களை பிடுங்குவேன், கடைசியாகத் தண்ணீர். இந்த ஒழுங்கை மாற்றுவதில்லை.

தெற்கு வரிசைக்கு என்ன நோய் என்று இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். நோய் இல்லை. மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்தேன். வடக்கு வரிசையைவிட நன்றாகவே இருந்தது. அதுவே ஒரு துப்பு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

“என்ன தங்கச்சி, தக்காளிக்குப் பிரஷர் பாக்கிறியளோ?”

கேட்டவர் எனக்குத் தெற்கே உள்ள பிளொட்டின் சொந்தக்கார அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆரம்ப காலத்திலேயே வந்து, இதே நகரின் பார்க்டேல் பகுதியில் இறங்கியவர்களில் ஒருவர். பல ஆண்டுகள் ட்ரக் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு முழுநேரத் தோட்டக்காரர் ஆனார்.

“இந்த வரிசை மட்டும் பழுக்குதில்லை அண்ணை.”

“ஆரின்ரையோ கண்ணூறு.”

“உம்மடை கண்தானே பக்கத்திலை கிடக்கு,” என்றார் அவருடைய மனைவி, ஃபிளாஸ்க்கில் தேநீரோடு வந்தபடி. நான் அவரை அக்கா என்பேன். அக்கா தோட்டத்தில் ஒரு புல்லும் பிடுங்கமாட்டார். பந்தலுக்குக் கீழே கதிரை போட்டு இருந்து, பிடுங்குகிறவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்வார்.

அந்தப் பந்தலைப் பார்க்க வேறு பிளொட்காரர்களும் வருவார்கள். ஆறு கால்கள், குறுக்கே சலாகைகள், மேலே நைலோன் வலை. கையை உயர்த்தினால் தொடலாம். மற்றவர்கள் கொடிகளைச் சுவர் மாதிரி நிறுத்திய வலையில் ஏற்ற, அண்ணை மட்டும் கூரை மாதிரி விரித்திருந்தார். மேலே பாகலும் புடலும் படர்ந்து, கீழே காய்கள் நேராகத் தொங்கின. ஒவ்வொரு பிஞ்சுப் புடலங்காயின் நுனியிலும் அது வளைந்துவிடாமல் ஒரு சிறு கல் கட்டியிருந்தார்.

ஒரு காயில் மட்டும் கல்லுக்குப் பதிலாகச் சிவப்புத் துணி இருந்தது. அது விதைக்கு விட்ட காய் என்பதற்கு அடையாளம்.

ரொறன்ரோவில் புடல் வளர்த்தவர்களுக்கு அதன் வஞ்சகம் தெரியும். கோடை முழுக்கக் கொடி ஓடும், ஆண் பூ மட்டும் பூக்கும். செப்டம்பரில்தான் பிஞ்சு வைக்கும். அது காயாகும் முன்பே குளிர் வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் கடையில் வாங்கிய ஒரு பக்கற் விதையில் ஒரேயொரு கொடி மட்டும் ஜூலையிலேயே காய்த்தது. அது ஏன் என்று அண்ணைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் அதில் விதை எடுத்தார். அடுத்த ஆண்டும் அது முந்திக் காய்த்தது.

“போன வருசம் விதைக்கு விட்ட காயை உவ கறி வைச்சுப் போட்டா,” என்று அண்ணை வருகிறவர் எல்லோரிடமும் முறையிடுவார்.

“நல்லாத்தானே இருந்துது. இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டவர் ஆர் எண்டு கேளுங்கோ,” என்பார் அக்கா.

மிச்சமிருந்த பழைய விதைகளில் இம்முறை முளைத்தது ஒன்றுதான். அந்த ஒரு கொடியில், அந்த ஒரு காய் பழுத்தால்தான் முந்திக் காய்க்கும் புடல் தொடரும். இல்லாவிட்டால் அவ்வளவுதான். பச்சையிலே பறித்த காயில் விதை முற்றாது. கொடியிலேயே கிடந்து சிவக்க வேண்டும். அதற்கு இன்னும் பல வாரங்கள் தேவைப்பட்டன.

நிழலை நான் கண்டது தற்செயலாக. ஒரு சனிக்கிழமை, பல் வைத்தியரிடம் போய்விட்டு வழக்கத்துக்கு மாறாக நடுப்பகலில் தோட்டத்துக்குப் போனேன். கண் கூசுகிற வெயில். அந்த வெயிலில் என் தெற்கு வரிசை முழுவதும் நிழலில் நின்றது. முகில் இல்லை. பாதையைத் தாண்டி வந்திருந்தது அண்ணையின் பந்தல் நிழல்.

நிழலின் ஓரத்தில் ஐஸ் பழக் குச்சி ஒன்றைக் குத்திவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை அதே நேரம் போய் இன்னொன்று குத்தினேன். இரண்டுக்கும் இடையே என் உள்ளங்கை அகலம் இருந்தது. நிழல் வடக்கே நடந்துகொண்டிருந்தது.

இதில் எனக்கு வந்தது கோபமல்ல, வியப்பு. ஜூன் மாதம் அந்தப் பந்தல் போட்டபோது கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவளே நான்தான். அன்று நடுப்பகலில் நிழல் பாதையைக்கூட முழுதாகத் தொடவில்லை. எங்கள் இருவருக்கும் அதில் சந்தேகம் எழவில்லை. யாழ்ப்பாணத்தில் பந்தலின் நிழல் பந்தலுக்குக் கீழே இருக்கும். சித்திரை தொடங்கி ஆவணி வரையும் நடுப்பகல் நிழல் அங்கே சற்றுத் தெற்குப் பக்கமாகக்கூடச் சாயும். அடுத்தவனின் காணிக்குள் நிழல் போகிறது என்று அங்கே யாரும் வேலிச் சண்டை பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பிடித்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் இங்கே குளிர்காலத்தில் சரிந்த வெயிலைப் பார்த்திருந்தும், அந்தச் சரிவு கோடைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

இதை அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்று அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தோட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் வந்துவிட்டார். உயரமான, மரியாதையான பெண்மணி. ஒருவருடைய பந்தலோ வலையோ அடுத்தவருடைய பிளொட்டுக்கு நிழல் தரக்கூடாது என்பது விதி. அவர் என் தக்காளிகளைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், பிறகு நேராகக் கேட்டார்: இது உங்களுக்கு நிழல் தருகிறதா?

அண்ணை வாளியைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆம் என்றால் பந்தல் இறங்கும். நிழல் விழுகிறது என்றும், அதை நாங்களே சரிசெய்துகொள்கிறோம் என்றும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வருவேன், அப்போதும் நிழல் இருந்தால் முழுவதையும் இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

“நிழலோ? என்ரை பந்தல் நிழலோ?” அண்ணைக்கு நம்பிக்கை வரவில்லை. “அது என்ரை தலைக்கு மேலையல்லோ கிடக்கு.”

“அங்கை பாருங்கோ, குச்சி.”

அவர் பாதையைத் தாண்டி வந்து என் தக்காளிகளுக்கு நடுவே போய் நின்றார். தலையை அண்ணாந்து சூரியனைத் தேடினார். அது பந்தலின் விளிம்பு இலைகளுக்குப் பின்னால் இருந்தது.

“சூரியன் எப்ப இவ்வளவு பதிஞ்சது?”

“நாங்கள் பாக்காத நேரம்.”

“சொல்லியிருக்கலாமே தங்கச்சி. உங்கடை தக்காளியல்லோ போச்சு.”

“சொன்னால் கழட்டிப் போடுவியள். பிறகு அந்தக் காய்?”

அவர் திரும்பிப் பந்தலைப் பார்த்தார். சிவப்புத் துணி கட்டிய காய் வடக்கு விளிம்புக்கு அருகில்தான் தொங்கியது. நிழலை அதிக தூரம் எறிவதும் அதே வடக்கு விளிம்புதான். எந்தச் சலாகையின் நிழல் எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துப் பார்த்தேன். தெற்குக் கால்களுக்கு மேலே உள்ள பகுதியின் நிழல் அண்ணையின் பிளொட்டுக்குள்ளேயே விழுந்து முடிந்தது. ஆகவே பந்தலின் தெற்கு ஓரம் மட்டும் நிற்கலாம். அந்தக் கொடியை அறுக்காமல் அங்கே நகர்த்த முடியுமா என்பதுதான் கேள்வி.

“படர்ந்த கொடியை இடம் மாத்தின ஆக்கள் ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டேன்.

“நான் கேள்விப்படேல்லை,” என்றார் அண்ணை. “ஏலாது எண்டும் கேள்விப்படேல்லை.”

ஞாயிறு காலை தொடங்கினோம். முதலில் மற்றக் கொடிகள் எல்லாவற்றையும் அறுத்தோம். பாகற்காய் இரண்டு வாளி கிடைத்தது; அந்த ஒரு கொடியில் இருந்த மற்றப் பிஞ்சுப் புடல்களையும் பறித்து ஒரு பெட்டி நிரப்பினோம். அறுப்பதற்கு முன் ஒவ்வொரு கொடியையும் அடியிலிருந்து நுனிவரை விரலால் தொடர்ந்து போய், இது அந்தக் கொடி அல்ல என்று உறுதிசெய்துகொண்டோம். வலையில் அவை ஒன்றோடொன்று அப்படிப் பின்னியிருந்தன. பிறகு அந்த ஒரு கொடியின் சுருள்களை நகவெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒரு சுருள் எத்தனை முறை வலையைச் சுற்றியிருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். பாதி தூரம் ஒரு திசையில் சுற்றி, நடுவில் நின்று, மிகுதியை எதிர்த் திசையில் சுற்றுகிறது. அது ஏன் என்று வீட்டுக்கு வந்து வாசித்தேன். இரண்டு முனையும் கட்டப்பட்ட ஒன்று முறுக்கேறாமல் சுருள்வதற்கு வேறு வழியில்லையாம்.

கொடி விடுபட்டதும் அண்ணை அடித்தண்டைப் பிடித்தார், நான் நடுப்பகுதியை. காயை ஏந்துவதற்கு ஆள் இல்லை. அக்கா கதிரையிலிருந்து எழும்பினார்.

“ரண்டு கையாலும் பிடி. ஆட்டாதை,” என்றார் அண்ணை.

“என்ரை மூண்டு பிள்ளையளிலை ஒண்டையும் நீர் இப்பிடிப் பிடிச்சதில்லை.”

“அதுகள் காம்பிலை தொங்கேல்லை.”

“சிரிக்கப் பண்ணாதையும், விழுத்திப் போடுவன்.”

மூவரும் பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர்ந்தோம். ஓரிடத்தில் தண்டு மடிந்து, மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. குனிந்து பார்த்தேன். தோல் மட்டும் கீறியிருந்தது. தெற்குச் சலாகையில் பழைய துணிக் கீலங்களால் கொடியைத் தளர்வாகக் கட்டினோம். காயின் பாரம் காம்பில் விழாதபடி அக்கா தன் கழுத்துத் துண்டை ஊஞ்சலாகத் தந்தார். பிறகு வடக்குக் கால்களைப் பிடுங்கினோம்.

மறுநாள் மாலை போனபோது கொடியின் இலைகள் எல்லாம் துவண்டு கிடந்தன. அண்ணை அதன் அடியில் குந்தியிருந்தார். நான் தண்ணீர் விடலாமா என்று கேட்டேன். விட்டாயிற்று என்றார். புதன்கிழமை நுனி இலைகள் நிமிர்ந்தன. அதற்கடுத்த நாள் ஒரு புதிய சுருள் வெளியே வந்து, பிடிப்பதற்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது. அண்ணை ஒரு குச்சியை அதன் பக்கத்தில் நட்டார். சனிக்கிழமை வந்த ஒருங்கிணைப்பாளர் நிழலற்ற பாதையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். கழுத்துத் துண்டில் கிடந்த காயைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டார்.

என் தெற்கு வரிசை செப்டம்பர் இறுதியில் பழுத்தது. எல்லாம் அல்ல, பாதிக்கு மேல்.

ஒக்டோபரில் உறைபனி எச்சரிக்கை வந்தபோது காயின் கீழ்ப்பகுதி மட்டுமே செம்மஞ்சளாகியிருந்தது, மேற்பகுதி இன்னும் வெளிர்பச்சை. ஒரு முழம் தண்டோடு வெட்டி, அவர்களுடைய சமையலறை யன்னலோரம் தொங்கவிட்டோம். வருகிறவர்கள் எல்லோரும் பாம்பென்று பயப்படுகிறார்கள் என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். அது மெதுவாக மேல்நோக்கிச் சிவந்தது. ஒரு நாள் நுனி தானாகவே வெடிக்க, அண்ணை என்னை வரச்சொன்னார்.

தட்டில் வைத்துக் கீறினார். உள்ளே தசை நல்ல சிவப்பு, தக்காளியைவிடச் சிவப்பு. நான் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து நக்கிப் பார்த்தேன்.

“உமக்கு விசரே?” என்றார் அக்கா.

லேசான இனிப்பு இருந்தது. அண்ணை எங்களைக் கவனிக்கவில்லை. விதைகளைக் கழுவி ஒவ்வொன்றாகப் பெருவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார். காம்புப் பக்கத்து விதைகள் வெள்ளையாக, சப்பையாக மடிந்தன. நடுவில் வந்தவையும் மடிந்தன. நுனிப் பக்கத்தில் வந்த ஒன்று மடியவில்லை. கபில நிறம், ஓரம் சொரசொரப்பு, நகம் வழுக்கியது. அதைத் தனியாக வைத்தார். இன்னொன்று. ஒரு தேக்கரண்டி நிறையும் அளவுக்குச் சேர்ந்தது.

“விதைக்குக் காணும்,” என்றார். விதைகளை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் சொன்னார்: “உது காணும்.”

“இனி வாற வருசம் பந்தலை எங்கை போடுவீர்?” என்று அக்கா கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். அதற்கு விடை பல வாரங்களாக என்னிடம் இருந்தது. யாரும் கேட்காமல் நானாகச் சொல்லத் தயக்கமாக இருந்தது.

“உயரமானது வடக்கை நிக்கவேணும் அண்ணை. நீங்கள் என்ரை பிளொட்டுக்கு வாங்கோ, நான் உங்கடைக்கு வாறன். எனக்கு வடக்குப் பக்கத்திலை பொதுப்பாதைதான். அங்கை நிழல் ஆரைக் கெடுக்கும்?”

“என்ரை மண்ணிலை எத்தினை வருச மாட்டெரு கிடக்குத் தெரியுமோ?”

“என்ரை மண்ணை நான் அரிச்சு வைச்சிருக்கிறன். ஒரு கல் இல்லை.”

“கல்லில்லாட்டி நான் புடலங்காயிலை என்னத்தைக் கட்டுறது?”

அக்கா சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. ஈர விதைகளைக் கடதாசியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிக்கொண்டிருந்தார். பரப்பி முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, என் பிளொட்டில் பனி உருகிய பிறகு தண்ணீர் எத்தனை நாள் தேங்கி நிற்கும் என்று கேட்டார்.