இடப்பக்கப் பின்கதவு

என் கணவரும் அவர் தம்பியும் ஒரே ஷோரூமில் ஒரே கார் வாங்கினார்கள். கொஞ்சம் உயரமாக, ஜீப்பின் சாயலில் நிற்கும் வண்டி. நிறம்கூட ஒன்றுதான். ஆனால் தம்பி வாங்கியது டாப் மாடல், நாங்கள் வாங்கியது பேஸ் மாடல். அவர்கள் காருக்கு முன்பம்பரின் அடியில் வெள்ளி நிறத் தகடு, கூரைமேல் இரண்டு கம்பிகள், பின்னால் ஸ்பாய்லர், கதவுகளின் கீழ்ப்பகுதியில் தடித்த கறுப்புப் பட்டை. எங்களுடையது மொட்டையாக நின்றது. பூஜை போட்ட அன்று மாமியார் இரண்டையும் பார்த்துவிட்டு, "சின்னவளோடது நகை போட்ட மாதிரி இருக்கு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னவள் என் ஓரகத்தி. மாமியாரோடு ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள், நாங்கள் காட்டூரில். அவள்மேல் குறை சொல்ல ஒன்றும் அகப்படாது. நானும் தேடாமல் இல்லை. எதற்கும் அவள் மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை, எல்லாம் தானாக அவள் மடியில் வந்து விழும்.

என் காருக்கும் அத்தனையும் மாட்டியே தீருவது என்று கிளம்பினேன்.

"இதெல்லாம் இல்லாமலும் வண்டி ஓடுமேம்மா" என்றார் கணவர். ஓடாது என்று நான் எப்போது சொன்னேன்?

முதல் கடையில் எந்த வண்டிக்கும் சேரும் என்று சத்தியம் செய்து ஒரு தகட்டைக் கொடுத்தார்கள். வைத்துப் பார்த்தால் தகட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் என் விரல் போனது. பாலக்கரைக் கடைக்காரர்தான் விவரமாகச் சொன்னார்: "கம்பெனியில இந்த வண்டியோட டிசைனையே மாத்திட்டாங்க மேடம். உங்களோடது பழசு. அதுக்கு இப்ப சாமான் வர்றதில்ல, தேடித்தான் எடுக்கணும்."

தேடினேன். சரியாகப் பொருந்தும் தகடும் கூரைக் கம்பிகளும் துவாக்குடியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவரிடம் கிடைத்தன. ஸ்பாய்லரைக் கிடைத்த நிறத்தில் வாங்கிப் பெயின்ட் அடிக்க வைத்தேன். கறுப்புப் பட்டை மட்டும் மூன்று கதவுகளுக்குத்தான் அமைந்தது. இடப்பக்கப் பின்கதவுக்கு இல்லை. கிடைத்தால் கூப்பிடுவதாக பாலக்கரைக்காரர் நம்பர் வாங்கிக்கொண்டார். கூப்பிடவே இல்லை.

அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம் தெருவைச் சுற்றிக்கொண்டு மறுமுனை வழியாக நுழைந்தேன். அப்படி வந்தால் எதிர்ச்சாரியில் நிறுத்தலாம், வலப்பக்கம் வீட்டைப் பார்த்து நிற்கும். "நம்ம வீட்டு வாசல்ல இடம் இருக்கேக்கா" என்பாள் சின்னவள். "வெயில் அடிக்குது, இங்கதான் நிழல்" என்பேன். மேகம் மூடியிருந்த ஒரு நாளிலும் அதையேதான் சொன்னேன். அவள் ஜன்னலிலிருந்து என் காரைப் பார்க்கிறாளா என்று பேச்சுக்கு நடுவே கவனித்துக்கொண்டிருப்பேன். ஒருநாளும் அவள் பார்க்கவில்லை.

போன மாதம் மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவர்கள் கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால் நான் போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சின்னவள் மாமியாரின் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து, காரைச் சுற்றி வந்தாள். திறந்தது இடப்பக்கப் பின்கதவு. நான் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா, இந்தக் கதவுல பட்டை இல்லையே?"

"ஒட்டணும். நேரம் இல்ல."

"ஒரு நிமிஷம் இருங்க" என்று உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் தூசி படிந்த நீளமான அட்டைப்பெட்டி. "எங்க வண்டிய இதே பக்கத்துல ஒரு ஆட்டோ உரசிடுச்சுல்ல, அப்ப முன்கதவுக்கு மட்டும் தரமாட்டேன்னு ரெண்டு கதவுக்கும் சேர்த்துக் குடுத்தாங்க. இது சும்மா பரண்ல கிடந்துச்சு. வச்சுக்கோங்கக்கா. நல்லவேளை தூக்கிப் போடல."

ஊரெல்லாம் நான் அலைந்து தேடியது அவள் வீட்டுப் பரணில், பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள், வேண்டாத சாமானாகக் கிடந்திருக்கிறது. நான் அந்தப் பரணுக்குக் கீழே உட்கார்ந்துதான் காபி குடித்திருக்கிறேன்.

"எடுத்துக்கோம்மா, அவளுக்கு அது எதுக்கு?" என்றார் மாமியார் பின்சீட்டிலிருந்து.

சாயங்காலம் கணவரே அதை ஒட்டினார். அது சேராமல் போக வேண்டும், விரல் போகிற அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று வேண்டிக்கொண்டிருந்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. நான் வாங்கிய மூன்றைவிட அதுதான் நன்றாக உட்கார்ந்திருக்கிறது.