இடப்பக்கம் இழுத்த ரிமோட்

என் மனைவியின் அண்ணன் கட்டாரிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். பகலெல்லாம் சொந்தக்காரர் வீடுகளில் விருந்து. பின்னேரமானால் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் என்னோடு வீடியோ கேமில் பந்தடி. தோற்றவர் மறுநாள் மீன் வெட்ட வேண்டும். அந்த மாதம் ஆரையம்பதியில் என்னளவு மணலை மீன் வெட்டிய ஆம்பிளை இருந்திருக்க மாட்டான்.

நான் அப்படியொன்றும் மோசமான ஆட்டக்காரனில்லை. வீட்டில் இருந்தது இரண்டு ரிமோட். ஒன்று புதிது. மற்றதில் இடக்கைப் பெருவிரலால் ஆட்டும் ஜாய்ஸ்டிக் தேய்ந்து, தொடாமலே இடப்பக்கம் இழுக்கும். வந்தவருக்குத்தானே நல்லதைக் கொடுக்க வேண்டும்? அதுவும் நான் குடியிருப்பது மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு, மச்சான் பிறந்து வளர்ந்த வீடு. பழையதை நானே எடுத்துக்கொண்டேன். என் ஆட்கள் பந்தை விட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி நடந்தார்கள்.

"என்ன மச்சான், உங்கட ஆக்கள் வாவியில குளிக்கப் போறாங்களா?" என்பார் அவர். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே பொரித்த இறால் தூள். ஊதித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயும் விட்டேன். அது முன்னையைவிட வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடியது. கடைசியில் பெருவிரலை எந்நேரமும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பிடிக்கப் பழகினேன். மெல்ல மெல்ல ஆட்டம் என் கைக்கு வந்தது. ஒருநாள் சமநிலையில் முடிந்து, மறுநாள் இருவருமாக மீன் வெட்டினோம். ஒருநாளாவது வென்று, அவரைத் தனியே வெட்ட வைத்துத்தான் பிளேன் ஏற்றுவது என்று பிடிவாதம் வந்துவிட்டது.

கடைசி ஆட்டத்தன்று மத்தியானம் மனைவி பழைய ரிமோட்டைக் கொண்டுவந்து கையில் தந்தாள். எனக்குத் தெரியாமல் காத்தான்குடியில் போன் திருத்தும் கடையொன்றில் கொடுத்து, ஜாய்ஸ்டிக்கைப் புதிதாக மாற்றியிருந்தாள்.

"பார்க்கப் பாவமாயிருந்திச்சு. இனி வெல்லுங்க."

உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன். ஆட்டம் தொடங்கியது. ஜாய்ஸ்டிக் ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. என் பெருவிரல்தான் நிற்கவில்லை. என் ஆட்கள் எல்லாரும் மற்றப் பக்கக் கோட்டைத் தாண்டிப் போனார்கள்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "இண்டைக்குக் கடல் குளிப்பா?"

மறுநாள் அவருடைய பயணச் சாப்பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நல்லாத் திருத்தித் தந்தவங்கதானே?"

"ஓம், நல்லாத் திருத்தியிருக்காங்க" என்றேன். மீனை அழுத்திப் பிடித்திருந்த இடக்கைப் பெருவிரல் அப்போதும் வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.