முந்நூறு கோழியும் முப்பது கோழியும்

என் வீட்டுக்காரர் சவூதியில் பதினோரு வருஷம் லாரி ஓட்டினார். ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "இனிமே நான் போவல. கோழி வளக்கப் போறேன்" என்றார். அவர் தட்டில் இருந்ததும் கோழிதான். நான் வளர்த்தது.

அப்போது என்னிடம் பதினைந்து கோழிகள் இருந்தன. குன்னம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மாடு இல்லாத வீடு உண்டு, கோழி இல்லாத வீடு கிடையாது. அவற்றுக்கென்று நான் செலவு செய்ததே இல்லை. மக்காச்சோளம் காயப்போட்ட களத்தில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கும், குப்பைமேட்டைக் கிளறும், பொழுது சாய்ந்தால் தானாகக் கூண்டுக்கு வந்துவிடும். பண்டிகைக்கு இரண்டு சேவலை விற்பேன். கொஞ்சம் முட்டையை அடை வைப்பேன். இதில் லாபமா நஷ்டமா என்று நான் யோசித்ததில்லை. போட்டது ஒன்றும் இல்லாததால் வந்ததெல்லாம் லாபம்தான்.

அவர் மனதில் இருந்தது வேறு. அங்கே தொழிலாளர் கேம்பில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் போனில் கோழிப் பண்ணை வீடியோ பார்த்திருக்கிறார். எனக்கும் காட்டினார். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் சலவைச் சட்டையோடு கொட்டகையில் நின்று, இருந்த வேலையை விட்டேன், இப்போது மாதம் இவ்வளவு வருகிறது என்று சொன்னார். அந்த ஆள் காலடியில் ஒரு எச்சம்கூட இல்லை. நான் அதைத்தான் பார்த்தேன்.

"முந்நூறு குஞ்சு எறக்கலாம்" என்றார்.

"பதினஞ்சு கோழி தானா மேஞ்சுக்குது. முந்நூறு வாய்க்கு யாரு தீனி போடறது?"

"நம்ம சோளம் இருக்குல்ல?"

"வெறும் சோளத்தத் தின்னு எப்பங்க வளரும்?"

அவர் சவூதிக்குப் போனபோது எங்கள் மகளுக்கு நாலு வயது. திரும்பி வந்தபோது பத்தாம் வகுப்பு. "அப்பா சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிடுவது விருந்தாளியைக் கூப்பிடுவது போல இருந்தது. உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கோழி அவரை இந்த வீட்டில் இருக்க வைக்குமென்றால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய் நட்டு, தகரம் போட்டு, சுற்றிலும் வலை அடித்தோம். நெல் உமி பரப்பி, சூட்டுக்குக் குண்டு பல்பு தொங்கவிட்டோம். அட்டைப் பெட்டிகளில் குஞ்சுகள் வந்தன. ஏழாம் நாள் கண்ணில் தடுப்புச் சொட்டு மருந்து விட வேண்டும். அவர் பிடிக்க, நான் சொட்டு விட, மகள் எண்ணிக்கொண்டே தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டாள். இருநூறைத் தாண்டும்போது ஒரு குஞ்சு அவர் சட்டைக்குள் புகுந்துகொண்டது. அவர் குதித்த குதியில் மகள் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவர் வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

குஞ்சுகள் நன்றாக வந்தன. தீனியும் அதே வேகத்தில் போனது. டவுனிலிருந்து மூட்டை வந்து இறங்கும், அடுத்த மூட்டைக்கு ஆள் போக வேண்டியிருக்கும். நாட்டுக்கோழி பிராய்லர் மாதிரி இல்லை. விற்கிற எடைக்கு வர நாலைந்து மாதம் ஆகும். அதுவரை தின்றுகொண்டேதான் இருக்கும். வீடியோவில் அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க இறக்கையில் ஊசி போட வேண்டும் என்று கால்நடை மருந்தக டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்தச் சமயம் பருத்தி எடுப்பு. ஆள் கிடைக்காமல் நாங்களே காட்டில் நின்றோம். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. இதில் தப்பு அவருடையது மட்டும் இல்லை. எனக்கும் தெரியும்.

ஒருநாள் காலையில் மூன்று கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றன. மறுநாள் பத்து. டாக்டர் வந்து பார்த்தார்.

"வெள்ளைக்கழிச்சல்தாங்க. வந்ததுக்கப்புறம் இதுக்கு மருந்து கெடையாது. நல்லா இருக்கறதத் தனியாப் பிரிங்க. செத்தத ஆழமாப் பொதச்சு சுண்ணாம்பு போடுங்க."

அன்று மதியமே கோழி வியாபாரி ஒருவர் பைக்கில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். செய்தி எப்படித்தான் போகுமோ.

"கண்ணு முழிச்சு நிக்கறத எல்லாம் குடுத்துடுங்க. பாதி வெலைன்னாலும் கையில காசு வந்துரும். நாளைக்கு அதுவும் இருக்காது" என்றார்.

எனக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எவ்வளவு தேறும் என்று மனதுக்குள் கணக்கே போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.

"எங்க கொண்டு போவீங்க?"

"ஓட்டலுக்குத்தான். மசாலா போட்டு வறுத்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"கேம்ப்ல எங்களுக்கும் எவனோ இப்படித்தான் போட்டான். ஒரு வாரம் எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். வேணாங்க, கெளம்புங்க."

வியாபாரி போனதும் நான் கத்தினேன். "ஊருல எல்லாரும் விக்கறாங்க, நமக்கு மட்டும் என்ன? போட்ட பணம் மண்ணுக்குப் போவுதே!" அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். அன்று முழுக்க அவரே குழி வெட்டினார். மறுநாள் அதைவிட அதிகம் செத்துக் கிடந்தன. நானும் ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. முந்நூறில் நாற்பது சொச்சம் மிஞ்சியது. என் பழைய பதினைந்தில் நாலு.

அடுத்த வாரம் அவர் விசா ஏஜெண்டிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. துவைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுப் போனேன்.

"திரும்பப் போறீங்களா?"

"கேட்டு வச்சிருக்கேன். விசா வர ஆறு மாசம் ஆவுமாம்."

"சரி. அந்த ஆறு மாசத்த எங்கிட்டக் குடுங்க. இருக்கற நாப்பதையும் நான் சொல்றபடி வளக்கணும். தீனி மூட்டை வாங்கக் கூடாது. ஊசியில ஒருநாள் தவறக் கூடாது."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "சரி, நீயே மொதலாளி" என்றார். கிண்டலா நிஜமா என்று நான் கேட்கவில்லை.

முப்பது பெட்டை, நாலு சேவல் என்று நிறுத்திக்கொண்டு, மிச்சச் சேவல்களை வளர்த்து விற்பதற்கு ஒதுக்கினோம். டாக்டர் சொன்ன நாள் வரை காத்திருந்து, ஊசி போட்ட பிறகுதான் வெளியே விட்டோம். பகலெல்லாம் அறுத்த காட்டில் மேயும். சாயங்காலம் மட்டும் உடைத்த சோளமும் தவிடும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் போடுவேன். பழைய பானையில் சாணியும் வைக்கோலும் திணித்துக் காட்டில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிக் கொட்டினால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தின்னும். அடைக்கோழிகளை முறை வைத்து உட்கார வைத்தேன். ஒரு மாதம் ஆன குஞ்சுகளைத் தடுப்பு மருந்து போட்டு ஊர்ப் பெண்களுக்கு விற்றேன். அதில்தான் முதலில் கையில் காசு நின்றது.

விற்பது எனக்கு வராது. அது அவர் வேலை. லப்பைக்குடிக்காடு எங்களுக்கு பைக்கில் அரை மணி நேரம். அங்கே வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். முதல் தடவை ஒதுக்கி வைத்த பன்னிரண்டு சேவலைக் கட்டிக்கொண்டு போனவர், பன்னிரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தார். மளிகைக் கடை பாய் ஒருவர் கையில் தூக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு மாசம் போவட்டும் தம்பி, எலும்புதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். ஆனால் பேச்சில் அந்த பாயும் ரியாத்தில் இருந்தவர் என்று தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் அந்த ஊர் ரோட்டையும் வெயிலையும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். கோழிகளைப் புதைத்த கதையையும் இவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது பாய் ஆறு எடுத்துக்கொண்டார். "உயிரோடவே கொண்டாங்க, நாங்க அறுத்துக்குறோம். இன்ஷா அல்லாஹ், தெருவுலயும் சொல்றேன்" என்றாராம். சொல்லவும் செய்தார். புரட்டாசியில் எங்கள் ஊரில் ஒரு கோழியும் விலை போகாது. அந்த மாதமும் இவர் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

எட்டாம் மாதம்தான் ஏஜெண்ட் கூப்பிட்டார். விசா வந்துவிட்டதாம். இவர் அப்போது கொட்டகையில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, "வேற ஆளப் பாருங்க அண்ணே" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் அவருக்குப் பிடிக்குமே என்று பணியாரம் சுட்டேன்.

அவர் ஊருக்குத் திரும்பி இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. கோழியில் லாபம் வருமா என்று அக்கம்பக்கத்திலிருந்து கேட்டு வருகிறார்கள். போன மாதம் அரும்பாவூரிலிருந்து ஒருவர் ஐந்நூறு குஞ்சு இறக்கப் போவதாக வந்தார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முப்பது கோழிக்கு வரும். காடும் களமும் இருந்து, வீட்டில் ஆளும் இருந்து, ஊசியைத் தவறவிடாமல் இருந்தால் வரும். ஒரு குடும்பம் அதை மட்டும் நம்பி நிற்கிற அளவுக்கு வராது. பள்ளிக்கூட பீஸுக்கும் மளிகைக்கும் ஆகும். மீதிக்கு இவர் காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஐந்நூறைப் பற்றி எனக்குத் தெரியாது. வந்தவர் கேட்டுக்கொண்டு போனார். இறக்கினாரா இல்லையா என்று தகவல் இல்லை.

முந்நூறுக்குப் போட்ட கொட்டகையில் பாதியில் பருத்தி மூட்டை கிடக்கிறது. மீதிப் பாதியில் ஐந்து கோழி அடையில் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து. மகளுக்கு அன்று பரீட்சை என்பதால் எண்ணுவதற்கு ஆள் இல்லை. "நானே பிடிச்சு நானே எண்ணிக்கறேன்" என்கிறார் இவர். நடக்கிற காரியமா என்று தெரியவில்லை.