ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவியல் தினம்

லூர்து அண்ணன் காலையில் இறந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டேதான் போனாராம்...

கடலூர் முதுநகர்க்காரர்களுக்கு முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக மரண அறிவிப்பு சொல்லுவாரே, அவர்தான். அவர் மச்சான் ஆரோக்கியம் ஆட்டோ ஓட்டுவார், அண்ணன் பின் சீட்டில் மைக்கோடு.

எனக்கு எப்படிப் பழக்கம் என்கிறீர்களா? அறிவியல் தினத்தால்.

நான் இங்கே ஒரு பள்ளியில் ஃபிசிக்ஸ் டீச்சர். ஒவ்வொரு பிப்ரவரியிலும் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுவோம். கொண்டாடுவோம் என்றால்... நாங்களே பேசி நாங்களே கைதட்டிக்கொள்வோம். ஊர் ஜனங்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டாடுவதற்குப் பெயர் விழிப்புணர்வா?

ஒரு வருடம் ஹெச்.எம்.மிடம் அடம்பிடித்து ஆட்டோ அறிவிப்புக்கு ஏற்பாடு செய்தேன். கிடைத்தவர் லூர்து அண்ணன். அன்று ஒரு சாவு அறிவிப்பை முடித்த கையோடு நேராக எங்கள் வேலைக்கு வந்திருக்கிறார். எழுதிக் கொடுத்ததை அழகாகப் படித்தார். கடைசி வரியில்தான் வாய் பழக்கதோஷத்தில் போய்விட்டது.

"...தேசிய அறிவியல் தின விழா நாளை காலை பத்து மணியளவில் நடைபெறும் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

நான் பள்ளி கேட்டில் நிற்கிறேன். எதிர் வீட்டு அக்கா கூந்தலை முடிந்துகொண்டே ஓடி வந்து, யார் தவறியது என்று என்னைக் கேட்கிறார். என்னத்தைச் சொல்ல...

ஆனால் மறுநாள் கூட்டமான கூட்டம். யாருக்கு என்ன ஆச்சு என்று பார்க்க வந்தவர்கள் பாதி, விஷயம் தெரிந்து சிரித்துக்கொண்டே வந்தவர்கள் மீதி. ஒரு பெரியவர் கையில் ரோஜா மாலை. திருப்பி எடுத்துப் போகச் சொல்ல மனசு வராமல் வாங்கி சீஃப் கெஸ்ட்டுக்குப் போட்டுவிட்டோம். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். இன்றுவரை அவருக்கு விஷயம் தெரியாது. இந்தப் பதிவில் யாரும் அவரை டேக் செய்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

வந்தவர்கள் சும்மா போகவில்லை. தண்ணீரில் ரெண்டு சொட்டு பால் விட்டு டார்ச் அடித்து, வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்று பிள்ளைகள் காட்டியதை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அண்ணனுக்குத்தான் வெட்கம். மன்னிப்புக் கேட்க வந்தார். நான் அடுத்த வருடத்துக்கும் நீங்கள்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

அதிலிருந்து பிப்ரவரி என்றால் அவர்தான். "வானம் ஏன் நீலமாக இருக்கிறது? விடை அறிய குடும்பத்துடன் வாருங்கள்" என்று இழுத்துச் சொல்லுவார். மீன் மார்க்கெட்டில் ஆட்டோவை மடக்கி விடையைக் கேட்பார்களாம். அவருக்கு விடை தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். நாளைக்கு வந்து தெரிந்துகொள்ளுங்கள் என்று பெரிய சஸ்பென்ஸ். கடைசி வரியில் 'மகிழ்ச்சியுடன்' வரும்போது மட்டும் ஒரு விநாடி நிறுத்தி, எச்சில் விழுங்கி, அப்புறம்தான் சொல்லுவார்.

ஒருமுறை விழா முடிந்து டீ குடிக்கும்போது சொன்னார்.

"நான் தெருவுல நொழைஞ்சாலே பொம்பளைங்க நெஞ்சுல கைய வெச்சிக்கினுதான் மேடம் வெளிய வராங்க. இந்த ஒரு நாளுதான் என் கொரல கேட்டு சிரிச்சிக்கினு வராங்க. அதுக்கோசரமே வரேன்."

சிதம்பரத்தில் வேலை பார்க்கும் என் தோழி கேட்டாள் என்று அவர்கள் பள்ளி விழாவுக்கும் ஒருமுறை அனுப்பி வைத்தேன். திரும்பி வந்தவருக்கு முகமே சரியில்லை. அங்கே அவரைப் பார்த்து யாரும் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லையாம். நம்ம ஊர் மாதிரி வராது மேடம் என்றார். ஒரு வாரம் அதைச் சொல்லியே ஓட்டினேன்.

இந்த வருடம் தொண்டை சரியில்லை என்று முன்கூட்டியே அறிவிப்பை ரெக்கார்ட் செய்து பென்டிரைவில் போட்டு வைத்திருந்தார். அடுத்த வாரம் விழா.

இன்று மதியம் ஆரோக்கியம் போன் செய்தார்.

"அறிவிப்பு சொல்லணும் மேடம். மாமாவ பத்தி வேற எவனோ ஒருத்தன் கொரல்ல கேக்க மனசு வரல. நீங்க வந்து சொல்றீங்களா?"

போனேன். அண்ணன் உட்காரும் அதே பின் சீட். எங்கள் பள்ளித் தெருமுனையில் ஆரோக்கியம் மைக் செட்டை ஆன் செய்தார். பென்டிரைவ் அதிலேயே இருந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில்லை.

"வணக்கம்... வானம் ஏன் நீலமாக இருக்கிறது?"

அண்ணன் குரல். ஆரோக்கியம் தடவித் தடவிப் பார்க்கிறார், பட்டன் அகப்படவில்லை. அதற்குள் கதவுகள் திறந்துவிட்டன. எல்லாரும் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள்... எதிர் வீட்டு அக்கா ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார்.

"என்னா மேடம், இந்த வருசம் சீக்கிரமே வந்துட்டீங்க? அண்ணன் எங்க?"

அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. மைக்கை எடுத்தேன்.

நல்லடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு. முதுநகர்க்காரர்கள் வந்துவிடுங்கள்.

லூர்து அண்ணா... ஆழ்ந்த வருத்தத்துடன்.

இந்தத் தடவை வாய் தவறிச் சொல்லவில்லை.