மாலினி அக்காவின் ஸ்டாப் ஒத்திகை

நியூ லின் என்ற புறநகரில் ஒரு கம்பளக் கடையின் மேல்மாடியில் இருந்தது அலுவலகம். வீடியோ தளத்தைப் பராமரிக்கும் எஞ்சினியராகச் சேர்ந்த முதல் நாள், மாலினி அக்கா எனக்குக் கணினி தரவில்லை. படப்பிடிப்பு அறைக்குக் கூட்டிப்போய் ஓரமாக உட்கார வைத்தார்.

மாலினி அக்கா ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர்; பேச்சின் முடிவில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். வயதுவந்தோருக்கான படங்கள் எடுப்பவர். நடித்தவர் எப்போது கேட்டாலும் படத்தை நீக்கவேண்டும், அது சட்டமாக வேண்டும் என்று மேடைகளில் பேசுபவர். படத்துக்காக ஊர் திட்டும். சட்டம் கேட்பதற்காக அதே தொழில் முதலாளிகள் திட்டுவார்கள். கோவிலில் அவரைக் கண்டால் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் கிளம்பிவிட அவசரமாகச் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள்.

1. ஒத்திகை

அன்று நடிகர்கள் முழு உடையில் நின்றார்கள். ஒரு நடிகை திடீரென்று "ஸ்டாப்" என்றாள். கேமரா நின்றது. எல்லோரும் கையை எடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரரான லைட்மேன் மட்டும் ஸ்டாண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நீ ஏன் நிக்கல?" என்றார் மாலினி அக்கா.

"ஒத்திகைதானே மேடம்."

"ஒத்திகையில நிக்காத நீ டேக்ல நிப்பியா? இன்னிக்கி வீட்டுக்குப் போ லா. நாளைக்கி வா."

ஒவ்வொரு படப்பிடிப்பும் இந்த ஒத்திகையோடுதான் தொடங்கும்: யார் "ஸ்டாப்" என்றாலும் எல்லோரும் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

மவுண்ட் ரோஸ்கில்லில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"படிச்ச படிப்புக்கு உதுதானோ கிடைச்சது? ஆரும் கேட்டா ஐடி எண்டு சொல்லு."

"ஐடிதானே அம்மா."

"ஓம், அதோட நிப்பாட்டு."

2. டெஸ்

மறுவருடம் டெஸ் வந்தாள். மாலினி அக்கா இயக்கிய முதல் படத்தின் நாயகி. ஆல்பனியில் படிக்கப்போவதாகவும், பிறகு ஆசிரியையாக விரும்புவதாகவும் சொன்னாள். தன் படத்தைத் தளத்திலிருந்து நீக்கிவிடுங்கள் என்றாள். எங்கள் தளத்துக்குப் பெரும்பாலோர் வருவதே அந்தப் படத்துக்காகத்தான்.

மாலினி அக்கா மறுக்கவில்லை. என்னிடம், "எங்கெங்க இருக்கு?" என்றார்.

சொன்னேன்: மெயின் சர்வர், வேகத்துக்காக வெளிநாட்டு சர்வர்களில் வைத்த பிரதிகள், டிரெய்லர்கள், பேக்கப், எடிட்டிங் டிரைவில் உள்ள மூலப்பிரதி. பார்த்தவர்கள் தரவிறக்கி வைத்திருந்தால் அது எங்கள் கையில் இல்லை என்பதையும் டெஸ்ஸிடம் சொன்னேன். இனி உங்களிடமிருந்து வெளியே போகாது என்றால் போதும் என்றாள்.

ஒவ்வொன்றாக நீக்கினேன். மிஞ்சியது மூலப்பிரதி. டெஸ் தேநீர் போட உள்ளே போயிருந்தாள். மாலினி அக்கா அந்த டிரைவைக் கையில் எடுத்தார்.

"இது மட்டும் என்கிட்ட இருக்கட்டும் லா. என் முதல் படம். அலமாரிக்குள்ள தூங்கட்டும், யாருக்குத் தெரியப்போகுது?"

கைப்பையைத் திறந்தார்.

"ஸ்டாப்" என்றேன்.

கை அப்படியே நின்றது. அவர் யோசித்து நிறுத்தவில்லை. இத்தனை வருடப் பழக்கம் நிறுத்தியது. தன் கையைத் தானே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"பொல்லாத பொண்ணு நீ. என் வார்த்தைய எனக்கே போடறியா?"

"உங்கட ரூல்தானே அக்கா."

டிரைவை என் மேசையில் வைத்தார். டெஸ் வந்ததும் அவளையே பட்டனை அழுத்தச் சொன்னார். அழிந்து முடியும்வரை மூவரும் தேநீர் குடித்தோம். மாலினி அக்கா மட்டும் திரையைப் பார்க்கவில்லை.

அடுத்து நடந்த பொதுக்கூட்டத்தில் ஒருவர் அவரைச் சீண்டினார்: உங்கள் பெரிய படத்தையே நீக்கச் சொன்னால் நீக்குவீர்களா? "நீக்கியாச்சு" என்றார். பெயர் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா கேட்டார்: "அப்ப அந்தப் பிள்ளை இனி நிம்மதியாப் படிக்கலாமோ?"

"எங்களால ஒரு பயமும் இல்லை அம்மா."

"அது நல்ல வேலைதான். ஆனா ஆரும் கேட்டா ஐடி எண்டே சொல்லு."

தளம் கட்டும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படத்தை ஏற்றும் வழியை எழுதுவதற்கு முன் நீக்கும் வழியை எழுதுங்கள். தேவை வருமுன்பே அதை ஓட்டிப் பாருங்கள். பழகாத நல்லெண்ணம் நமக்குப் பிடித்த பொருளின் முன்னால் தடுமாறும். இப்போது புதிதாகச் சேருபவர்களை நானும் முதலில் ஒத்திகை பார்க்க அந்தப் படப்பிடிப்பு அறையில்தான் உட்கார வைக்கிறேன். கணினி மறுநாள்.